விட்டுவைப்பதை முதலில் குறியுங்கள்: பறவை பார்க்கும் நீர்நிலைகளில் தன்னார்வலர்களோடு புதர் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் கலந்துகொண்ட நீர்நிலைப் பணியில் நாங்கள் முப்பது பேர் இருந்தோம். பறவை பார்க்கும் மேடைக்கு முன்னால் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்த சம்புக் காட்டை ஒரே காலையில் வெட்டிச் சாய்த்துவிட்டோம். மேடையில் ஏறிப் பார்த்தால் எதிர்க்கரை வரைக்கும் தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது. எல்லோரும் கைதட்டினோம். அடுத்த மூன்று வாரமும் அங்கே பார்க்கப் பறவைதான் இல்லை. நீலத் தாழைக்கோழிகள் இடத்தைக் காலி செய்துவிட்டன. மேடையில் ஆள் தலை தெரிந்ததுமே வாத்துகள் எதிர்க்கரைக்கு ஒதுங்கின.

அன்று நடந்த இன்னொன்று இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. என் பக்கத்தில் வாரியால் இலைகளை இழுத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்று, கையுறையோடு ஒரு முட்டையை எடுத்துக் காட்டினார். எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் பழுப்பு நிறம். மேலே கறுப்பு மையில் குழந்தை கிறுக்கியதுபோல் கோடுகள். இலைக்கோழியின் முட்டை. இலைக்கோழி வழக்கமாக நான்கு முட்டை இடும். மற்ற மூன்றும் நாங்கள் கலக்கிவிட்ட சேற்றுக்குள் போயிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து எந்தக் குழுவோடு போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இன்று எதை விட்டுவைக்கப்போகிறோம்?" என்பதுதான். வெட்டுவதைப் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகு. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது.

படி 1: ஏன் வெட்டுகிறோம் என்று தெளிவாகுங்கள்

நீர்நிலையில் செடி அடர்ந்திருப்பது தன்னளவில் கெட்டது இல்லை. குருகு, தாழைக்கோழி, கதிர்க்குருவி எல்லாம் அந்த அடர்த்திக்குள்தான் வாழ்கின்றன. வாத்துக்கும் முக்குளிப்பானுக்கும் திறந்த தண்ணீர் வேண்டும். உள்ளான் வகைகளுக்குச் செடி அதிகம் இல்லாத ஈரச் சேறு வேண்டும். ஒன்று மற்றதை முழுக்க விழுங்கும்போதுதான் நாம் தலையிட வேண்டிய தேவை வருகிறது.

எவ்வளவு செடி, எவ்வளவு தண்ணீர் இருந்தால் நல்லது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலச் சதுப்புகளை ஆராய்ந்த மில்டன் வெல்லரும் ஸ்பாட்சரும் 1965-இல் சொன்னது இது: செடியும் திறந்த நீரும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்து கிடக்கும் சதுப்பில்தான் பறவை வகைகளும் எண்ணிக்கையும் அதிகம். இங்கே முக்கியமான சொல் 'கலந்து'. ஒரு பக்கம் முழுக்கச் செடி, மறுபக்கம் முழுக்கத் தண்ணீர் என்றால் கணக்கு பாதிக்குப் பாதிதான், ஆனால் பறவைக்குப் பயன் குறைவு. செடியும் நீரும் சந்திக்கும் விளிம்பு எவ்வளவு நீளமாக வளைந்து நெளிந்து போகிறதோ, அவ்வளவுக்கு இரையும் மறைவும் பக்கத்துப் பக்கத்திலேயே கிடைக்கும்.

சும்மா விட்டுவிட்டால் இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்களுக்கு நான் பரத்பூரைத்தான் காட்டுவேன். ராஜஸ்தானின் அந்த ஊரில் இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982-இல் எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்த ஊர்மக்களோடு மோதல் வெடித்து உயிர்களும் போயின. அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. எருமைகள் தின்று கட்டுக்குள் வைத்திருந்த ஒருவகை நீர்ப்புல் திறந்த நீர்ப்பரப்பை மூடத் தொடங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பல்லாண்டு ஆய்வு, மேய்ச்சல் நின்றது பறவைகளுக்கே பாதகமாகிவிட்டது என்று சொன்னது. மனிதரும் கால்நடையும் காலங்காலமாகப் புழங்கிய நீர்நிலையில் அந்தப் புழக்கம் திடீரென்று நின்றால், அதன் வேலையை வேறு யாராவது செய்துதான் ஆக வேண்டும்.

பிரிட்டனில் நிலைமை வேறு மாதிரி. அங்கே நாணல் காடுகள் காய்ந்து புதராக மாறியதில் பெருங்குருகு கிட்டத்தட்ட ஒழிந்தே போனது. 1997-இல் அந்த நாடு முழுவதும் குரல் கொடுத்த ஆண் குருகுகள் 11 மட்டுமே. நாணலைச் சுழற்சி முறையில் வெட்டி, நீர்மட்டத்தைச் சீராக்கி, புது நாணல் பரப்புகளை உருவாக்கிய பிறகு அந்த எண்ணிக்கை 200-ஐத் தாண்டிவிட்டது. வெட்டினால் பறவை வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கே, எந்த வரிசையில், எவ்வளவு விட்டுவைத்து வெட்டினார்கள் என்பதுதான் விஷயம்.

படி 2: எந்தச் செடி என்று தெரியாமல் கத்தியை எடுக்காதீர்கள்

ஒவ்வொரு செடிக்கும் குணம் வேறு. ஒன்றுக்குப் பொருந்தும் முறை இன்னொன்றைப் பெருக்கிவிடும்.

சம்புவை எடுத்துக்கொள்வோம். சில இடங்களில் சம்பங்கோரை என்பார்கள். பழுப்பு நிறத்தில் ஊதுவத்திக் கட்டு மாதிரி பூங்கதிர் நிற்கும். ஒரு கதிரில் லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கலாம். ஆனால் ஒரு நீர்நிலைக்குள் வந்த பிறகு அது பரவுவது பெரும்பாலும் சேற்றுக்கடியில் ஓடும் கிழங்குத் தண்டால்தான். ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் வரை நன்றாக நிற்கும். நீர்நிலை தூர்ந்து ஆழம் குறையும்போது சம்பு பரவுவது இதனால்தான்.

ஒரு சம்புத் தண்டைக் குறுக்கே வெட்டி, தன்னார்வலர்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே தேன்கூடு மாதிரி காற்றறைகள் இருக்கும். விரலால் அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கும். காற்றில்லாத சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் கிழங்குக்கு மூச்சு போவது இந்த வழியாகத்தான். அதனால் தண்ணீருக்கு மேலே வெட்டினால் சில வாரத்தில் துளிர்த்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் வெட்டி, வெட்டுவாய் பல வாரங்களுக்கு நீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும்படி பார்த்துக்கொண்டால் கிழங்கு மூச்சுத் திணறி அழுகிவிடும். காய்ந்து நிற்கும் பழைய தண்டுகளையும் சேர்த்து வெட்ட வேண்டும், ஏனென்றால் செத்த தண்டு வழியாகவும் காற்று இறங்கும். இதைப் புரிந்துகொண்ட ஒருவர், மேலோட்டமாக அரிந்து தள்ளும் பத்துப் பேருக்குச் சமம்.

நாணலுக்கும் கிழங்குத் தண்டு உண்டு. வெட்டிய அடிக்கட்டை ஈட்டி மாதிரி நிற்பதுதான் அதில் ஆபத்து. சாய்வாக வெட்டினால் கம்பூட்டின் அடியைக்கூடத் துளைத்துவிடும். தாழ்வாகவும் நேராகவும் வெட்டச் சொல்லுங்கள்.

வெங்காயத்தாமரை வேறு ரகம். பல ஊர்களில் ஆகாயத்தாமரை என்றே சொல்கிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்து உலகின் வெப்பப் பகுதிகளையெல்லாம் பிடித்த மிதவைச் செடி. சத்து மிகுந்த வெதுவெதுப்பான நீரில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். விதை அடிச்சேற்றில் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். இதை வெட்டக் கூடாது, வேரோடு முழுசாக வெளியே எடுக்க வேண்டும். இலைகளில் சிறு சிறு சதுரமாகச் சுரண்டிய தழும்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால், இந்தச் செடியைக் கட்டுப்படுத்தப் பல நாடுகளில் விடப்பட்ட கூன்வண்டு அங்கே வேலை செய்துகொண்டிருக்கலாம். அப்படியானால் ஒரு மூலையில் கொஞ்சம் செடியை அப்படியே விடுங்கள், வண்டுக்கும் ஒரு வீடு வேண்டும்.

நீருக்குள் மூழ்கி வளரும் பாசிகளில் பலவும் ஒரு துண்டு உடைந்தாலே புதுச் செடியாகிவிடும். பெயர் உறுதியாகத் தெரியாத வரை அவற்றில் கை வைக்க வேண்டாம். கரையோர முள்மரங்களில் சீமைக்கருவேலம் வெட்டிய கட்டையிலிருந்தே நாலைந்து கிளையாகத் துளிர்க்கும். மண்ணுக்கடியில் உள்ள அடித்தூரைத் தோண்டி எடுத்தால்தான் போகும். ஆனால் கொக்கும் நீர்க்காகமும் அதே மரத்தில் கூடு கட்டியிருந்தால் அந்த மரம் நிற்கட்டும். மாற்று மரம் வளர்ந்து, பறவைகள் அங்கே குடியேறிய பிறகு யோசிக்கலாம்.

படி 3: அனுமதி, அப்புறம் அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள்

நிலம் யாருக்குச் சொந்தம், தண்ணீரை யார் நிர்வகிக்கிறார்கள், பறவைகளின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரிய வேண்டும். பெரும்பாலும் மூன்றும் வெவ்வேறு அலுவலகமாக இருக்கும். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பகுதி, என்ன செடி, எந்தத் தேதி, எத்தனை பேர், வெட்டியது எங்கே போகும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். களைக்கொல்லி தெளிப்பது, தீ வைப்பது, இயந்திரம் இறக்குவது மூன்றையும் தன்னார்வப் பணிக்குள் கொண்டுவராதீர்கள். அவை பயிற்சி பெற்றவர்களின் வேலை.

காகிதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மனிதர்கள். மீன் பிடிப்பவர், மாடு மேய்ப்பவர், கோரை அறுப்பவர் எல்லோரும் நமக்கு முன்பே அங்கே இருப்பவர்கள். எங்கே சேறு ஆளை உள்வாங்கும், எந்தப் புதரில் பாம்பு அதிகம், எந்த மாதம் எந்தப் பறவை கூடு வைக்கும் என்று கேட்டால் நேராகச் சொல்வார்கள். ஒரு மாலை அவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வரைபடம் போடுங்கள். அவர்கள் வலை கட்டும் கம்பையோ கோரை அறுக்கும் இடத்தையோ தெரியாமல் கலைத்துவிட்டால், அடுத்த முறை உங்களை யாரும் வரவேற்க மாட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

படி 4: காலம் குறிப்பது

முதல் விதி: கூடு கட்டும் காலத்தில் வெட்டக் கூடாது. அந்தக் காலம் எது என்பது இடத்துக்கு இடம் மாறும். குளிர்நாடுகளில் வசந்தமும் கோடையும் கூட்டுக் காலம் என்பதால் வெட்டும் வேலையை இலையுதிர்காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் வைத்துக்கொள்கிறார்கள். மழையை நம்பி வாழும் வெப்பப் பகுதிகளில் கணக்கு இவ்வளவு எளிதில்லை. மரத்தில் கூட்டமாகக் கூடு வைக்கும் பறவைகளுக்கு ஒரு பருவம், இலைக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் வேறு பருவம், வலசை வரும் வாத்துகளுக்கு இன்னொன்று. மூன்றையும் பன்னிரண்டு மாதக் கட்டத்தில் பென்சிலால் நிரப்பிப் பாருங்கள். எதிலும் படாமல் வெள்ளையாக மிஞ்சும் சில வாரங்கள்தான் உங்கள் காலம். சில நீர்நிலைகளில் அது ஆறே வாரமாக இருக்கும். பரவாயில்லை, ஆறு வாரத்தில் செய்யக்கூடிய அளவுக்கே திட்டமிடுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சம்பு பூங்கதிர் விடும் சமயத்தில்தான் கிழங்கில் சேமிப்பு மிகக் குறைந்திருக்கும், அப்போது வெட்டினால் நன்றாகத் தளரும். அது கூட்டுக் காலத்தோடு மோதினால் தயங்காமல் கூட்டின் பக்கமே நில்லுங்கள். சம்புவை இரண்டு முறை வெட்டிக்கொள்ளலாம்.

நாளுக்குள்ளும் நேரம் பார்க்க வேண்டும். அடையும் பறவைகள் விடியலில் கிளம்பிப் போன பிறகு தொடங்குங்கள், மாலை அவை திரும்புவதற்கு வெகு முன்பே முடித்துவிடுங்கள். நடுவில் மூன்று மணி நேரம் போதும். களைத்த கையில் இருக்கும் அரிவாள்தான் காயம் பண்ணும்.

படி 5: உட்கார்ந்து பார்த்துக் குறியுங்கள்

இதில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். பணி நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக இரண்டு மூன்று பேர் மட்டும் போங்கள். முதலில் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்து கவனியுங்கள். இரையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு பறவை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறதா? நீங்கள் நகர்ந்தால் எங்கிருந்தாவது பதற்றக் குரல் வருகிறதா? இறக்கை ஒடிந்ததுபோல் நடித்து உங்களை இழுக்கிறதா? அங்கே கூடு இருக்கிறது. சுற்றிலும் 30 மீட்டராவது விட்டுவிடுங்கள். கூட்டுக்கு நேர்மேலே அடையாளத் துணி கட்டாதீர்கள், காக்கைக்கு அது வழிகாட்டி. விடவேண்டிய வட்டத்தின் ஓரத்தில் மட்டும் கட்டுங்கள்.

அப்புறம் பார்வைக்கோணம். பறவை பார்க்க ஒளிந்து உட்காரும் மறைவிடத்தின் ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்து பாருங்கள். பெரியவர் நின்று பார்க்கும் உயரம் மட்டும் கணக்கில்லை. ஒரு குழந்தையின் கண்ணும், சக்கர நாற்காலியில் வருபவரின் கண்ணும் எங்கே இருக்கும் என்று குனிந்து பாருங்கள். பல இடங்களில் மறைவிடத்துக்கு முன்னால் நிற்கும் முழங்கால் உயரப் புதர் நின்று பார்ப்பவருக்குத் தெரிவதே இல்லை. உட்கார்ந்தவருக்கு அதுதான் சுவர்.

முழுச் சுவரையும் இடிக்க வேண்டாம், ஜன்னல் திறந்தால் போதும். மறைவிடத்தின் அருகே குறுகலாகத் தொடங்கி, தண்ணீரை நோக்கி விசிறிபோல் அகலும் இரண்டு அல்லது மூன்று சந்துகளைக் குறியுங்கள். வெயில் பார்ப்பவரின் முதுகுப்பக்கம் விழும் திசைக்கு முன்னுரிமை கொடுங்கள், அப்போதுதான் இறகின் நிறம் தெரியும். சந்தின் இரு ஓரத்தையும் நேர்க்கோடாக வெட்டாமல், உள்ளே வெளியே குடைந்து குடைந்து போகட்டும். அந்தக் குடைவுகளில்தான் மடையான் வந்து நிற்கும், தாழைக்கோழி குஞ்சுகளோடு எட்டிப் பார்க்கும்.

மேடைக்கு வரும் நடைபாதையின் நீர்ப்பக்கத்துப் புதரை மட்டும் யார் கெஞ்சினாலும் வெட்டாதீர்கள். மனித உருவம் வானத்தின் பின்னணியில் நிழலாக நகர்வதைக் கண்டுதான் பறவை பயப்படுகிறது. எங்கள் முதல் பணியில் வாத்துகள் ஓடியதற்குக் காரணம் அதுதான்: நடைபாதை ஓரத்தையும் சேர்த்துச் சவரம் செய்துவிட்டோம். அந்தத் திரை மறுபடி வளர இரண்டு பருவம் ஆயிற்று.

நீர்நிலை முழுவதற்கும் என்றால், செடிப் பரப்பை ஐந்து துண்டாகப் பிரித்து ஆண்டுக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டிலும் ஐந்தில் நான்கு பங்கு தொடாமல் நிற்கும். ஆறாம் ஆண்டில் முதல் துண்டுக்குத் திரும்பும்போது இளசு, நடுத்தரம், முதிர்ந்தது என்று எல்லா வயதுச் செடியும் ஒரே நீர்நிலையில் இருக்கும். வெவ்வேறு பறவைக்கு வெவ்வேறு வயது பிடிக்கும்.

வெட்டும் இடத்துக்கு ஒரு நிறத் துணி, விடும் இடத்துக்கு இன்னொரு நிறம். விடும் இடத்தின் துணி அதிகமாகக் கண்ணில் பட வேண்டும்.

படி 6: ஆட்களும் கருவிகளும்

முப்பது பேர் வேண்டாம். பன்னிரண்டு முதல் பதினைந்து பேர், ஆறு பேருக்கு ஒரு வழிநடத்துநர் என்றால் கட்டுக்குள் இருக்கும். எல்லோரும் வெட்ட வேண்டியதில்லை. மூன்றில் ஒரு பங்கு வெட்டினால், மீதிப் பேருக்கு இழுத்துக் கரை சேர்க்கவே நேரம் சரியாக இருக்கும். ஈரச் சம்பு அவ்வளவு கனம். ஒருவர் மட்டும் எந்தக் கருவியும் இல்லாமல், இருநோக்கியோடு தள்ளி நின்று பறவையையும் ஆட்களையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பறவை பதறினாலும் ஆள் தடுமாறினாலும் அவர் விசில் அடிப்பார், எல்லோரும் நிற்க வேண்டும். அனுபவசாலிக்கே அந்த வேலையைக் கொடுங்கள்.

நீண்ட பிடி போட்ட அரிவாள், கனமான வாரி, கொக்கி கட்டிய கழி, கயிறு, இழுத்துச் செல்லத் தார்ப்பாய், தோல் கையுறை, கம்பூட் — கையால் செய்யும் வேலைக்கு இவை போதும். அரிவாளை முந்தின நாளே தீட்டிவைத்துவிடுங்கள். மழுங்கிய அரிவாள் தண்டில் வழுக்கி முழங்காலுக்கு வரும். கருவிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். சேற்றுக்குள் விட்ட அரிவாள் யாரோ ஒருவரின் காலுக்காகக் காத்துக்கிடக்கும்.

முழங்காலுக்கு மேல் ஆழமுள்ள நீரில் தன்னார்வலர் இறங்கக் கூடாது என்பது என் கண்டிப்பான வரம்பு. படகில் போவதாக இருந்தால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. கையில் காலில் வெட்டுக்காயம் உள்ளவர்களைக் கரை வேலைக்கு வையுங்கள், ஏனென்றால் எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். பணி முடிந்து சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், நீர்நிலையில் வேலை செய்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள்.

பாம்புக்கு எளிய வழி இருக்கிறது. புதருக்குள் கையை விடுவதற்கு முன் கழியால் தட்டுங்கள், சில நொடி பொறுங்கள். கடித்துவிட்டால் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், அசையவிடாமல் உடனே விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மருத்துவமனை எது, வண்டி எங்கே நிற்கிறது, யார் ஓட்டுவார் என்பதை முந்தின நாளே தீர்மானித்து எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

படி 7: பணி நாள்

தலை எண்ணுங்கள். பிறகு எல்லோரையும் மேடையில் ஏற்றி, பத்து நிமிடம் பேசாமல் நீரைப் பார்க்கச் சொல்லுங்கள். எதற்காக வந்திருக்கிறோம் என்பது உரையாற்றிப் புரிவதைவிட இதில் நன்றாகப் புரியும். அதன் பிறகு விட்டுவைக்கும் துணிகளை ஒவ்வொன்றாக நடந்து காட்டுங்கள். வெட்டும் இடத்தைக் கடைசியில் காட்டினால் போதும்.

வெட்டுபவர்கள் ஒருவருக்கொருவர் குறைந்தது மூன்று மீட்டர் இடைவெளி விடட்டும். திசையும் முக்கியம். சுற்றிலும் வளைத்துக்கொண்டு நடுநோக்கி வெட்டினால், குஞ்சும் தவளையும் ஆமையும் நடுவில் மாட்டிக்கொள்ளும். திறந்த பக்கத்தில் தொடங்கி, விட்டுவைக்கும் புதரை நோக்கி மெதுவாக நகருங்கள், எல்லா உயிரும் அந்தப் பக்கம் ஒதுங்க வழி இருக்கும். நடுவில் கூடு தென்பட்டால், முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தப் பகுதியின் வேலை அன்றைக்கு முடிந்தது.

வெங்காயத்தாமரை என்றால் காற்றை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காற்று எந்தக் கரையில் செடியை ஒதுக்குகிறதோ அங்கே நின்று வாரினால் பாதி உழைப்பு மிச்சம். வாரிய பரப்புக்குள் மீண்டும் மிதந்து வராமலிருக்க, மூங்கில் கழிகளையோ மிதவை கோத்த கயிற்றையோ குறுக்கே கட்டிவிடுங்கள். ஒரு சிறு கிளைச்செடி விட்டுப்போனாலும் மறுபடி பெருகும் என்பதால், கடைசி அரைமணி நேரத்தை ஓரங்களில் ஒட்டிக்கிடக்கும் குட்டிச் செடிகளைப் பொறுக்குவதற்கே வைத்துக்கொள்ளுங்கள். சிறுவர்கள் வந்திருந்தால் பெரியவர் ஒருவரின் துணையோடு கரையில் நின்றே செய்ய இது நல்ல வேலை. அவர்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

படி 8: வெட்டியதை என்ன செய்வது

தண்ணீரிலேயே விட்டால் அழுகும். அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும். செடி உறிஞ்சி வைத்திருந்த சத்து மறுபடி நீருக்கே போய் அடுத்த களைக்கு உரமாகும். வெயில் காலத்தில் அழுகல் சேர்ந்த தேங்குநீரில் பறவைகளைக் கொல்லும் பாட்டுலிசம் என்ற நச்சு நோயும் வரலாம். அதனால் வெட்டியது எல்லாம் கரையேற வேண்டும்.

ஆனால் உடனே வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். ஒரு நாள் நீர்விளிம்புக்கு அருகிலேயே மெல்லிய அடுக்காகப் பரப்பி வையுங்கள். ஒரு குவியலின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள்: நத்தை, நீர்வண்டு, தட்டான் பூச்சியின் இளம்பருவம், விரல்நுனி அளவு தவளைக் குட்டி என்று வரிசையாக ஊர்ந்து தண்ணீருக்குத் திரும்பும். பறவைகளின் சாப்பாடு அதுதான்.

மறுநாள் வெள்ளம் ஏறாத உயரத்துக்குக் கொண்டுபோங்கள். வெங்காயத்தாமரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். மலைபோல் குவித்தது சில வாரத்தில் படிந்துவிடும். மட்கவைத்து உரமாக்கலாம், ஆனால் தொழிற்சாலைக் கழிவு கலக்கும் நீரில் வளர்ந்தது என்றால் உணவுப் பயிருக்குப் போட வேண்டாம். அது கன உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும். சம்பும் நாணலும் பாய் முடைவோருக்கும் கூரை வேய்வோருக்கும் பயன்படும், முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

கிளம்பும் முன் பூட்ஸ், கருவி, கயிறு, படகின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் அங்கேயே கழுவி, ஒட்டியிருக்கும் துண்டுகளை எடுத்துவிட்டு, முழுக்கக் காயவையுங்கள். அடுத்த வாரம் வேறொரு நீர்நிலைக்குப் போகும் குழுவாக இருந்தால் இது இன்னும் முக்கியம்.

படி 9: திரும்பி வருவது

ஒரு முறை வெட்டிவிட்டுப் போவதைவிட வெட்டாமலே இருப்பது மேல் என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றுகிறது. துளிர்த்து வரும் சம்பு முன்னைவிட அடர்த்தியாக வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆறு வாரம் கழித்து ஐந்தாறு பேராவது வந்து துளிர்களை நீருக்கடியில் மறுபடி வெட்ட வேண்டும். அது கூட்டுக் காலத்துக்குள் விழுந்தால் காத்திருங்கள்.

நடந்த மாற்றத்தைக் கண்ணால் நினைவு வைத்துக்கொள்ள முடியாது, பதிவு வேண்டும். கரையில் ஒரு கம்பை நட்டு, அதன் தலையில் கேமராவை வைத்து, ஒரே திசையில் ஒரே அளவில் படம் எடுங்கள்: வெட்டும் முன், வெட்டிய அன்று, 30-ஆம் நாள், 90-ஆம் நாள், ஓராண்டு கழித்து. பறவைக் கணக்கெடுப்பை வெட்டுவதற்கு முன்பே தொடங்குங்கள். வெட்டிய இடத்திலும் தொடாத இடத்திலும் ஒரே நேர அளவில் எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். தொடாத இடத்திலும் எண்ணிக்கை அதேபோல் ஏறியிருந்தால் அது பருவத்தின் வேலை, உங்கள் அரிவாளின் வேலை இல்லை.

ஆண்டுதோறும் அதே வேகத்தில் வெங்காயத்தாமரை மூடிக்கொண்டால் வாருவதை நிறுத்திவிட்டு நீர் வரும் வழியே மேலே நடந்து பாருங்கள். கழிவுநீரோ வயலிலிருந்து வழியும் உரமோ எங்கேயாவது சேர்ந்துகொண்டிருக்கும். அந்த வாயைப் படம் எடுத்து, தேதி போட்டு, நீங்கள் கரையேற்றிய செடியின் வண்டிக் கணக்கோடு சேர்த்துப் பொறுப்பான அலுவலகத்துக்கு எழுதுங்கள். பதினைந்து பேர் கையெழுத்திட்ட, மூன்று ஆண்டுப் படங்கள் இணைத்த கடிதத்தைக் கீழே போடுவது கொஞ்சம் கடினம்.

பணி நாளின் கடைசியில், சேறு கழுவிய கையோடு எல்லோரையும் மறுபடி மேடைக்குக் கூட்டிப்போங்கள். புதிதாகத் திறந்த சந்துக்கு முதலில் வருவது பெரும்பாலும் மடையானாகத்தான் இருக்கும். கலங்கிய ஓரத்தில் மீன் எளிதாகக் கிடைக்கும் என்று அதற்குத் தெரியும். அது வந்து நிற்கும் வரை இருந்துவிட்டு, ஆறு வாரம் கழித்து வரும் தேதியை அங்கேயே எழுதி, வருவதாகச் சொன்னவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு கலையுங்கள்.